மேலே தூவிய முளை: 2011 ஜெர்மனி இ-கோலி பரவல், ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மே 19ஆம் தேதி ஹாம்பர்க் நகரச் சுகாதாரத் துறையிலிருந்து ஜெர்மனியில் தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் ராபர்ட் கோக் நிறுவனத்துக்கு ஒரு தகவல் போனது. மூன்று குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் ஹெச்யூஎஸ் வந்திருக்கிறது, உதவி தேவை. மறுநாளே ஒரு குழு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது.

ஹெச்யூஎஸ் என்பது ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோமின் சுருக்கம். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், தட்டணுக்கள் குறையும், சிறுநீரகம் வேலையை நிறுத்தும். மூன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்தப் பெயர். வழக்கமாக இது சின்னக் குழந்தைகளின் நோய். ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் தொடங்கும், பேதி அடங்குவது போலத் தெரியும், அப்புறம் சிறுநீர் குறையும். ஹாம்பர்க்கில் குழு பார்த்தது வேறு. படுக்கைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள், அதிலும் பெண்கள். நல்ல உடல்நலத்தோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் டயாலிசிஸில் இருந்தார்கள். சிலருக்குப் பேச்சு குழறியது, சிலருக்கு வலிப்பு வந்தது.

அடுத்த இரண்டு மாதங்களில் கணக்கு 3,800ஐத் தாண்டியது. அதில் 855 பேருக்கு ஹெச்யூஎஸ், 53 பேர் இறந்தார்கள். நோய்வாய்ப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஹெச்யூஎஸ் என்பது கேள்விப்படாத விகிதம். ஹெச்யூஎஸ் வந்தவர்களில் 88 சதவீதம் பெரியவர்கள், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பெண்கள். இந்த ஆண்-பெண் கணக்கு ஒரு துப்பு. பெண்கள் கூடுதலாகவும் குழந்தைகள் குறைவாகவும் சாப்பிடும் பொருள் எது? கேள்வி முதல் வாரத்திலேயே எழுந்தது. பதில் கிடைக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

இளஞ்சிவப்பில் ஒளிந்தது

இந்த ஹெச்யூஎஸ்ஸுக்குக் காரணமான பாக்டீரியாவிலிருந்து, அதாவது குடலில் வாழும் இ-கோலியிலிருந்து தொடங்குகிறேன். உணவு வழி பரவும் கொடிய இ-கோலி என்றால் பல பத்தாண்டுகளாக எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஓ157:ஹெச்7. 1982இல் அமெரிக்காவில் வேகாத ஹாம்பர்கர் கறியில் அடையாளம் காணப்பட்டது. அதைப் பிடிக்க ஆய்வகங்களில் ஒரு சுலபமான வழி உண்டு. சாதாரண இ-கோலி சார்பிட்டால் என்ற சர்க்கரையைப் புளிக்க வைக்கும், ஓ157 உடனே அதைச் செய்யாது. சார்பிட்டால் கலந்த மெக்கான்கி என்ற கிருமி வளர்ப்புத் தட்டில் மலத்தைக் கோடு இழுத்து, ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்துக் காலையில் எடுத்துப் பார்த்தால், இளஞ்சிவப்புக் காலனிகளுக்கு நடுவே வெள்ளையாய், சாயம் போனது போல் சில இருக்கும். அதுதான் ஓ157. தட்டு படித்துப் பழகிய கண் இளஞ்சிவப்பைத் தாண்டி வெள்ளையை மட்டுமே தேடும். பயிற்சி அப்படி.

ஹாம்பர்க்கின் கிருமி சார்பிட்டாலை நன்றாகவே புளிக்க வைத்தது. தட்டில் அது இளஞ்சிவப்பு. வயிற்றில் எல்லோருக்கும் இருக்கும் ஊர்ப்பட்ட இ-கோலிகளோடு அதுவும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது.

அதைக் காட்டிக் கொடுத்தவை வேறு இரண்டு. ஒன்று, கிருமி உண்டாக்கும் நச்சுக்கான மரபணுவை நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனை. இன்னொன்று, அதன் மருந்து எதிர்ப்பு. பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துகளை உடைக்கும் இஎஸ்பிஎல் நொதி அதனிடம் இருந்ததால், அந்த மருந்து கலந்த தட்டில் மற்ற இ-கோலி செத்துவிட, இது மட்டும் வளர்ந்தது. இந்த நொதிக்கான மரபணு சிடிஎக்ஸ்-எம்-15 வகை. 2001இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது அதற்கான பாக்டீரியாக்கள் இந்தியாவில் எடுக்கப்பட்டவை. பத்தே ஆண்டில் வட ஜெர்மனியில் வந்து நிற்கிறது.

கிருமியின் வகை ஓ104:ஹெச்4 என்று உறுதியானது. ஓ என்பது செல்லின் மேல்தோலில் உள்ள சர்க்கரைச் சங்கிலியின் எண், ஹெச் என்பது நீந்த உதவும் கசையிழையின் எண். இந்த இரண்டு எண்களும் கிருமியின் சட்டையைச் சொல்கின்றன. சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. இந்தக் கதை முழுக்க அந்தச் சட்டைப்பையைப் பற்றியதுதான்.

வெள்ளரிக்காய்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம், தெரிந்த கதை. முதல் விசாரணையில் நோயாளிகள் வேகவைக்காத தக்காளி, வெள்ளரி, கீரை வகை சாலட் ஆகியவற்றை அதிகமாகச் சொன்னார்கள். மே 25இல் வட ஜெர்மனியில் இவற்றைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. மறுநாள், சந்தையில் எடுத்த ஸ்பெயின் வெள்ளரிக்காய்களில் நச்சு உண்டாக்கும் இ-கோலி இருப்பதாக ஹாம்பர்க் நிர்வாகம் அறிவித்தது. ஐந்தே நாளில், மே 31இல், அது வேறு வகை, நோயாளிகளிடம் இருப்பது அல்ல என்று தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் வாரத்துக்கு 20 கோடி யூரோ இழப்பு என்று கணக்குச் சொன்னார்கள். ரஷ்யா ஐரோப்பியக் காய்கறிகளையே தடை செய்தது.

எனக்கு அந்த அறிவிப்பின் மேல் முழுக் கோபம் இல்லை. ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கையில் கிடைத்ததைச் சொல்லத்தான் தோன்றும். ஆனால் வெள்ளரியில் ஏதோ ஓர் இ-கோலி இருப்பது வேறு, இந்த இ-கோலி இருப்பது வேறு. இந்த வித்தியாசம் மரபணு அளவில்தான் தெரியும், அதற்குச் சில நாள் பிடிக்கும். அந்தச் சில நாளைக் காத்திருக்க முடியவில்லை.

சமையல்காரரிடம் கேட்டார்கள்

நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் நினைவில் இருப்பதைத்தான் சொல்வார்கள். சாலட் சாப்பிட்டது நினைவிருக்கும். சாலட் மேல் அலங்காரத்துக்குத் தூவிய நாலு முளை யாருக்கு நினைவிருக்கும்? நேற்று மதியம் சாப்பாட்டில் ரசத்தில் கொத்தமல்லி மிதந்ததா இல்லையா என்று என்னைக் கேட்டால் எனக்கும் தெரியாது. முளையைச் சாப்பிட்டதாகச் சொன்ன நோயாளிகள் நான்கில் ஒருவர்தான். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எந்தப் புள்ளிவிவரக்காரரும் முளையைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டார்.

அதனால் கேள்வியைச் சாப்பிட்டவரிடமிருந்து சமைத்தவருக்கு மாற்றினார்கள். ஒரே உணவகத்தில் மே மாதத்தில் சாப்பிட்ட பத்துக் குழுக்களை எடுத்தார்கள். ஆர்டர் பட்டியல், பில், விருந்தினர்கள் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் வைத்து யார் எந்தத் தட்டைச் சாப்பிட்டார் என்று உறுதி செய்தார்கள். பிறகு சமையலறைக்குப் போய், இந்த உணவில் என்னென்ன போடுவீர்கள், எவ்வளவு போடுவீர்கள், எதை வேகவைக்காமல் போடுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். விடை தெளிவாக வந்தது. முளை இருந்த தட்டைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 14 மடங்கு. நோய் வந்த எல்லோருடைய தட்டிலும் முளை இருந்தது.

இன்னொரு பக்கம், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விநியோகச் சீட்டுகளைப் பின்னோக்கிப் பார்த்தார்கள். நோயாளிகள் கொத்தாகக் கிளம்பிய 41 இடங்களையும் தொடர்ந்து போனால் எல்லாமே லோயர் சாக்ஸனி மாநிலத்தில் பீனன்பியூட்டல் என்ற ஊரில் இருந்த ஒரு முளைப்பண்ணையில் போய் முடிந்தன. ஜூன் 10இல் அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது: வெள்ளரி, தக்காளி, சாலட் மேல் இருந்த எச்சரிக்கை நீங்கியது, முளை சாப்பிட வேண்டாம். அதே சமயத்தில் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் நோய் வந்த ஒரு குடும்பத்தின் குப்பையில் கிடந்த, பிரித்த முளைப் பொட்டலத்தில் அதே ஓ104:ஹெச்4 கிடைத்தது.

மூன்று நாளில் மரபணுத் தொகுதி

நடுவில், ஜூன் 2ஆம் தேதி, வேறொரு காரியம் நடந்தது. ஹாம்பர்க் எப்பெண்டார்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து அனுப்பிய கிருமியின் டிஎன்ஏவைச் சீனாவின் ஷென்ஜெனில் உள்ள பிஜிஐ நிறுவனம் மூன்றே நாளில் படித்து, தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டது. ஒரு நாளுக்குள் வேறு நாட்டில் யாரோ அதைக் கோர்த்து முழு வடிவம் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் பல நாடுகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பகுப்பாய்வுக் குறிப்புகள் பொதுத் தளத்தில் சேர்ந்தன. ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை.

அதே ஜூன் 2இல், நோயாளிகளில் இதற்கு முன் காணப்படாத தனி வகை என்று உலக சுகாதார நிறுவனத்திலிருந்து கருத்து வந்தது. பத்திரிகைகள் அதைப் புது அரக்கன் ஆக்கிவிட்டன. மரபணுவோ வேறு சொன்னது.

இந்தக் கிருமியின் உடல், அதாவது முதன்மைக் குரோமோசோம், ஓ157இன் நெருங்கிய உறவு இல்லை. மிக நெருங்கிய சொந்தம் 55989 என்று எண்ணிட்ட ஓர் இ-கோலி. 1990களில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில், விடாத வயிற்றுப்போக்கு இருந்த ஒரு நோயாளியிடம் எடுத்தது. அந்த வகைக்கு ஈஏஈசி என்று பெயர். திரளாக ஒட்டும் இ-கோலி என்று சொல்லலாம். செல் வளர்ப்புத் தட்டில் இதை விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கொத்தனார் அடுக்கி வைத்த செங்கல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி நிற்கும். பாடப்புத்தகமே இதை அடுக்கிய செங்கல் வடிவம் என்றுதான் சொல்கிறது. அப்படி ஒட்டவைக்கும் நுண்ணிழைகளுக்கான மரபணு குரோமோசோமில் இல்லை, பிஏஏ என்ற தனி பிளாஸ்மிட்டில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக நிற்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது. ஏழை நாட்டுக் குழந்தைகளின் பேதி, பயணிகளின் பேதி என்று பெயர் வாங்கிய வகை. தொல்லை தரும், ஆனால் சிறுநீரகத்தைக் கொல்லாது.

ஆபத்து வேறு வழியாக வந்தது. பாக்டீரியாவுக்குள் புகும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். சில ஃபேஜ்கள் உள்ளே போனதும் பாக்டீரியாவைக் கொல்லாமல், தன் டிஎன்ஏவை அதன் குரோமோசோமில் செருகிவிட்டு உறங்கும். அப்படி உறங்கிய ஒரு ஃபேஜ் இந்தக் கிருமியில் இருந்தது. அதன் மடியில் ஷிகா நச்சு 2ஏ என்ற நச்சின் மரபணு. ஓ157இன் பேர்போன ஆயுதம் இதே குடும்பத்து நச்சுதான்.

ஆக, ஒட்டும் திறன் ஒரு பிளாஸ்மிட்டில் இருக்கிறது, நச்சு ஒரு ஃபேஜில், மருந்து எதிர்ப்பு இன்னொரு பிளாஸ்மிட்டில். மூன்றும் தனித்தனியாகப் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. ஒரே செல்லில் சேர்ந்ததுதான் புதுசு. அதுவும் முற்றிலும் புதுசல்ல. 2001இலேயே ஜெர்மனியில் ஹெச்யூஎஸ் வந்த ஒரு குழந்தையிடம் ஓ104:ஹெச்4 எடுத்து மியூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வகத்தில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதற்கும் ஷிகா நச்சு உண்டு. ஒட்டிழை மட்டும் வேறு வகை, இஎஸ்பிஎல் பிளாஸ்மிட் கிடையாது. மியூன்ஸ்டர் குழு இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்று இன்னொன்றின் நேர்ப்பிள்ளை இல்லை, இரண்டுக்கும் பொது மூதாதை ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று சொன்னது.

இங்கே பழைய விதி ஒன்று உடைந்தது. ஓ157 குடலில் ஒட்டுவது இன்டிமின் என்ற புரதத்தால், அதன் மரபணு ஈஏஈ. நச்சு மரபணு இருந்தும் ஈஏஈ இல்லையென்றால் அவ்வளவு ஆபத்தில்லை என்று பலரும் எண்ணினார்கள். எண்ணத்தில் தர்க்கம் இருந்தது, ஒட்டாத கிருமி நச்சை எங்கே கொண்டு சேர்க்கும்? ஓ104:ஹெச்4இல் ஈஏஈ இல்லை. ஆனால் ஒட்டுவதற்கு அதனிடம் வேறு பசை இருந்தது.

ஆமணக்கும் ஷிகாவும்

நச்சு என்ன செய்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1897இல் ஜப்பானியர் கியோஷி ஷிகா கண்டுபிடித்த சீதபேதிக் கிருமியின் பெயரில் வந்தது இந்த நச்சு. ஆறு புரதத் துண்டுகள் சேர்ந்தது. ஐந்து துண்டுகள் வளையமாக நின்று, மனிதச் செல்லின் மேல் உள்ள ஜிபி3 என்ற கொழுப்புச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரக நுண்குழாய்களின் உட்சுவரில் ஜிபி3 நிறைய, மூளையிலும் உண்டு. ஆறாவது துண்டு உள்ளே போய், செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் ஆயிரக்கணக்கான எழுத்துகளில் குறிப்பிட்ட ஒரே ஓர் அடினினைப் பிடுங்கி எடுத்துவிடும். அவ்வளவுதான் அது செய்வது. ஓர் எழுத்துப் போனால் தொழிற்சாலை நின்றுவிடும், செல் சாகும். ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் நச்சும் பிடுங்குவது அதே அடினினைத்தான். செடிக்கும் கிருமிக்கும் ஒட்டுறவே இல்லை, குறி மட்டும் ஒன்று.

சிகிச்சையில் இதற்கு ஒரு விபரீத விளைவு உண்டு. இந்த இ-கோலிக்கு நச்சை வெளியே அனுப்ப வாசல் இல்லை. உறங்கும் ஃபேஜ் விழித்து, பெருகி, செல்லை வெடித்து வெளியேறும்போதுதான் நச்சும் கொட்டும். ஃபேஜை எழுப்புவது எது? பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்கு வரும் சேதம். சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரியான மருந்து செய்வது அதைத்தான். பேதி என்றதும் ஆன்டிபயாட்டிக் எழுதும் பழக்கம் இங்கே நெருப்பில் எண்ணெய் ஊற்றலாம் என்பதால், மருத்துவர்கள் தயங்கினார்கள். எல்லா மருந்தும் அப்படி இல்லை. ஜெர்மனியின் லூபெக் நகரில் அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டவர்களிடம் கிருமி நீண்ட நாள் தங்கியது மிகக் குறைவு. கொடுக்கப்படாதவர்களில் பெரும்பாலோரின் மலத்தில் ஒரு மாதம் கழிந்தும் அது வந்துகொண்டிருந்தது.

பிஏஏ பிளாஸ்மிட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னும் முடிச்சு முழுக்க அவிழவில்லை. நோய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நோயாளிகளின் குடலில் கிருமி அந்தப் பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிட்டது. அப்படித் தொலைத்த கிருமி இருந்தவர்களுக்கு ஹெச்யூஎஸ் வந்தது குறைவு என்று மியூன்ஸ்டர் குழு 2013இல் எழுதியது. சரி, பசை போனதும் வீரியம் போயிற்று, கணக்கு நேராகிவிட்டது என்று தோன்றும். 2014இல் குட்டி முயல்களில் செய்த சோதனையில், பிளாஸ்மிட் இல்லாமலும் கிருமி குடலில் நன்றாகவே குடியேறியது. அங்கே முக்கியமாக இருந்தவை கிருமி வெளியே சுரக்கும் வேறு சில புரதங்கள். முயல் குடல் மனிதக் குடல் இல்லை என்பது ஒரு பதில். என் சாய்வு நோயாளிகளின் தரவுப் பக்கம்தான், ஆனால் வீரியத்தை ஒரே ஒரு மரபணுத் துண்டின் தலையில் கட்டுவதை முயல் கொஞ்சம் தடுக்கிறது.

வெந்தயம்

ஜூன் 24இல் பிரான்ஸிலிருந்து செய்தி வந்தது. போர்டோ அருகே பெக்லே என்ற ஊரில், ஜூன் 8 அன்று ஒரு குழந்தைகள் மையத்தின் திறந்தநாள் நிகழ்ச்சியில் குளிர்ந்த சூப்பின் மேல் முளை தூவியிருந்தார்கள். அங்கே வீட்டளவில் முளைக்க வைத்தது, ஜெர்மன் பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் கிருமி அதே ஓ104:ஹெச்4. இரண்டு இடத்துக்கும் பொதுவானது விதைதான். அந்த விதை வெந்தயம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 5இல் வெளியிட்ட அறிக்கை, 2009இல் எகிப்திலிருந்து ஏற்றுமதியான சுமார் 15 டன் வெந்தயச் சரக்கைச் சுட்டியது. கப்பல் வழியே ஐரோப்பா வந்து, ஜெர்மன் இறக்குமதியாளர் கையில் பிரிந்து, சிறு பங்கு முளைப்பண்ணைக்குப் போயிருக்கிறது. இன்னொரு பங்கு இங்கிலாந்தில் 50 கிராம் பாக்கெட்டாகி பிரான்ஸ் கடைக்குப் போயிருக்கிறது. எகிப்து இதை மறுத்தது. விதைகளைச் சோதித்ததில் கிருமி கிடைக்கவும் இல்லை. அதில் வியப்பில்லை. மூட்டை மூட்டையான விதையில் எங்கோ ஒரு விரிசலில் சில கிருமிகள் இருந்தால் போதும். முளைகட்டும் ஈரமும் இளஞ்சூடும் இரண்டு மூன்று நாளில் அவற்றைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். இன்குபேட்டருக்கும் முளைத்தட்டுக்கும் கிருமியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளுக்கு ஓ157 வந்தபோதும் சந்தேகம் போய் நின்றது முள்ளங்கி முளையில்.

நம் வீடுகளிலும் பயறும் வெந்தயமும் முளைகட்டுகிறோம். துணியில் கட்டி வைத்ததைச் சுண்டலாகத் தாளித்துச் சாப்பிடும் வீட்டில் சூடு வேலையைச் செய்துவிடும். சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் வெறும் வயிற்றில் பச்சையாக மென்று தின்பவர்கள்தான் சாலட் வட்டத்தில் வருகிறார்கள்.

விதைக்குள் கிருமி எப்படி வந்தது? ஓ157க்கு மாடு வீடு மாதிரி. ஒட்டும் வகை இ-கோலிக்குத் தெரிந்த வீடு மனிதக் குடல்தான். வயலிலோ களஞ்சியத்திலோ மனிதக் கழிவு பட்டிருக்கலாம் என்று நினைக்க அது ஒரு காரணம், அதற்கு மேல் தடயம் இல்லை. 2012இல் வெளியான ஒரு மரபணு ஒப்பீடு இன்னொரு புதிரையும் போட்டது. ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிய ஜெர்மன் கிருமிகள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய அச்சு அசல், ஓரிரு எழுத்து மட்டும் மாறும். சின்னக் கூட்டத்தைத் தாக்கிய பிரெஞ்சுக் கிருமிகளுக்குள்தான் வேறுபாடு அதிகம். ஜெர்மனி பெரிய மரத்தின் ஒரு கிளை, பிரான்ஸ் பல கிளை. பண்ணைக்குப் போன விதையில் இருந்த கூட்டம் ஏதோ ஒரு குறுகிய கழுத்து வழியே, கிட்டத்தட்ட ஒரே செல்லின் சந்ததியாக வெளியே வந்திருக்க வேண்டும் என்பது ஒரு விளக்கம்.

ஜூலை 26இல் பரவல் முடிந்ததாக ராபர்ட் கோக் நிறுவனம் அறிவித்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் முளைகளுக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. விதைச் சரக்கின் வழித்தடத்தைப் பதிவு செய்ய வேண்டும், விற்கும் முளையில் 25 கிராமில் நச்சு இ-கோலியின் ஆறு வகைகள் இருக்கக் கூடாது. ஓ157, ஓ26, ஓ103, ஓ111, ஓ145 என ஐந்து, ஆறாவதாக ஓ104:ஹெச்4. சட்டையின் எண்ணை வைத்துத்தான் அந்தப் பட்டியல் எழுதப்பட்டது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் பிரான்ஸில் குழந்தைகளின் ஹெச்யூஎஸ்ஸில் முன்னுக்கு வந்தது ஓ80:ஹெச்2. அதுவும் ஒரு கலப்பு: ஷிகா நச்சோடு, ரத்தத்தில் தாக்குப்பிடிக்க உதவும் பிளாஸ்மிட் மரபணுக்களும் சேர்ந்தது. அந்த ஆறில் அதன் பெயர் இல்லை.